தாழிக்குள் மக்காச்சோளம்

போன வாரம் தொல்லியல்காரர்கள் நீங்கள் மூன்று பேரும் நாகர்கோவிலில் என் வீட்டுக்கு வந்தீர்கள். காப்பி கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன். கேட்டதற்குப் பதில் மட்டும் கொடுக்கவில்லை. இந்த வயதில் கோபம் வந்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது, வார்த்தை முன்பின்னாக வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத உட்கார்ந்த பிறகும் கோபம் தணியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கொண்டுவந்தது ஒரு பாலிதீன் உறை. உள்ளே கருகிய தானியம் ஒரு பிடி. உறையின் மேல் கொட்டை எழுத்தில் ‘சடங்குத் தானியம்’ என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன தானியம் என்று என்னிடம் கேட்டீர்கள். என்ன தானியம் என்றே தெரியாதவர்களுக்கு அது சடங்குக்கு வைத்தது என்று மட்டும் எப்படித் தெரிந்தது? ஈமத்தாழிக்குப் பக்கத்தில் கிடைத்ததால் சடங்கு என்றீர்கள். செத்தவர் பக்கத்தில் எலியும்தான் வளை தோண்டும், எறும்பும்தான் அரிசி இழுக்கும், உயிரோடிருப்பவரும்தான் உட்கார்ந்து சோறு தின்பார். நமக்குப் புரியாததற்கெல்லாம் சடங்கு என்று பெயர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவதற்கா உங்களைப் படிக்கவைத்தார்கள்?

அடுத்தபடியாகக் கேட்டீர்கள்: “அந்த மேட்டில் மூடி உடையாத தாழி ஒன்று இருக்கிறதாமே, அது எங்கே என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியுமாமே?” கேள்விப்பட்டது சரிதான். அதற்கும் இதில் பதில் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நமது மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்த காலம். நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தற்காலிக வேலை. பையன்களுக்கு இலையை அறுத்து லென்ஸில் காட்டுவேன், பிறகு கண்ணாடித் தகடுகளைக் கழுவி அடுக்குவேன். ஒரு நாள் எங்கள் பேராசிரியர் கூப்பிட்டு, தொல்பொருள் அதிகாரி ஒருவர் தாழி தோண்டுகிறார், அதில் தானியம் கிடைத்திருக்கிறதாம், போய்ப் பெயர் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயிரம் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ தன் வீட்டுச் சாவுக்கு அள்ளிவைத்த நெல்லை நான் பார்க்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். நாகர்கோவிலுக்குக் கிழக்கே, சுற்றிலும் வயலும் குளமுமாக இருக்கிற ஊர்களில் ஒன்று. குளத்துக்கு மேற்கே ஒரு செம்மண் மேடு. மேட்டின் உயரமான வடக்கு ஓரத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் என்று ஊரார் சொல்லும் சைவக் குடும்பம் தங்கள் வீட்டுச் சாவுகளை எரித்துவந்தது. தெற்கே, மேட்டை ஒட்டிய குடியிருப்பில் இருந்த அய்யாவழிக்காரர்கள் தங்கள் வீட்டுச் சாவுகளைப் புதைத்துவந்தார்கள். அவர்கள் எரிப்பதில்லை. வடக்கு முகமாக வைத்து, நெற்றியில் இடும் நாமமண்ணைத் தூவி, குழியை மூடிவிடுவார்கள். அடையாளக் கல் நாட்டுகிற வழக்கமும் அங்கே இல்லை. எரித்தவர்களும் புதைத்தவர்களும் ஒரே மேட்டில் இரண்டு பக்கமாக இருந்தார்கள். அதுவரை யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

தெற்கே இடம் நெருக்கடியானபோது, குடியிருப்புக்காரர்கள் ஒரு கிழவரை அடக்கம் பண்ண மேட்டின் நடுப்பக்கமாகக் குழி வெட்டினார்கள். மண்வெட்டி ஒரு தாழியின் வாயில் பட்டு அது உடைந்தது. பெரிய வீட்டுக்காரர் வந்து பார்த்தார். இது எங்கள் முன்னோர்களைப் புதைத்த தாழி, இந்த மேடு முழுவதும் ஆதியிலிருந்து எங்கள் சுடுகாடு, இதில் மற்றவர்கள் கைவைக்கக்கூடாது என்று மனுக் கொடுத்தார். விசாரணை முடியும்வரை மேட்டில் யாரும் அடக்கம் பண்ணக்கூடாது என்று தடை வந்தது. வெட்டிய குழி அப்படியே கிடக்க, அந்தக் கிழவரைக் கடற்கரை மணலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாழியைப் பார்க்க அதிகாரி வந்து சேர்ந்தார். அவர் தங்கியதும் சாப்பிட்டதும் பெரிய வீட்டில்.

நான் போனபோது பந்தல் போட்டு, மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். துணிமேல் ஒரு தட்டு. தட்டில் சின்னச் சின்னக் குவியலாகக் கருந்தானியம்.

“வா குட்டி. எண்ணிப் பாரு. எத்தனை கும்பாரம் இருக்கு?” என்றார் அதிகாரி.

“ஒம்பது சார்.”

“ஒம்பதுன்னா என்ன? நவதானியம். இவிய வீட்டிலே இன்னைக்கும் காடாத்துக்கு இதைத்தான் வெதைக்காவ. ரெண்டாயிரம் வருசமா மாறாத சடங்கு, கேட்டியா. நீ லத்தீன் பேரை மட்டும் எழுதித் தந்தாப் போரும்.”

காடாத்து தெரியாதவர்கள் உங்களில் இருக்கலாம். எரித்த பிறகு எலும்பு பொறுக்கிவிட்டு, அந்த இடத்தைப் பேருக்கு ஏரால் கீறி, நவதானியம் விதைத்து, தண்ணீர் தெளித்துவிட்டு வருவது. சுட்ட காட்டை ஆற்றுவது. நல்ல வழக்கம். அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லென்ஸை எடுத்தேன். நெல் சரி. எள் சரி. உளுந்தும் பயறும் கொள்ளும் சரி. மற்ற மூன்றும் சரி. கடைசிக் குவியலில் நான்கைந்து மணி பெரிதாக இருந்தது. அதைக் கோதுமை என்று தாளில் எழுதி வைத்திருந்தார் அதிகாரி. “நம்ம மண்ணிலே வெளையாத கோதுமை. அப்போ வடக்கே இருந்து வந்திருக்கு. இது ஒண்ணு போரும், என் அறிக்கையைத் திருவனந்தபுரத்திலே தலையிலே தூக்கி வச்சு ஆடுவான்” என்றார்.

அது கோதுமை இல்லை. மேலே அகன்று கீழே குறுகி, கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி வைத்தது போல இருந்தது. முளை இருந்த பக்கம் பெரிய பள்ளம். யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல், ரேஷனில் போட்ட மக்காச்சோளத்தை இடித்துக் களி கிண்டித் தின்ற வயிறு என்னுடையது. அந்த மணியை எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மக்காச்சோளம் நம்முடைய பயிரே இல்லை. கப்பல்காரர்கள் கடல் தாண்டிப் போய் அந்தத் தேசங்களைக் கண்டுபிடித்த பிறகு, அங்கிருந்து வந்தது. மிளகாய் வந்த வழியில் வந்தது. அது ஆதித்தாழிக்குள் எப்படிப் போகும்?

“சார், இது எந்த மண்ணிலே கெடச்சுது?” என்று கேட்டேன்.

“தாழி மண்ணிலே.”

தாழியைப் பார்க்கக் கேட்டேன். குளத்துப் படியில் இருந்தது. தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்திருந்தார்கள். சந்தையில் விற்கப் போகிற பானை மாதிரி பளபளவென்று இருந்தது. படம் பிடிக்க ஆள் வருகிறானாம், அதற்காகக் கழுவியதாம். தாழியின் அடியில் ஒட்டியிருந்த மண் அத்தனையும் குளத்துக்குப் போய்விட்டது. வைத்தவர்கள் எதை வைத்தார்கள் என்று சொல்லக்கூடியது அந்த ஒரு மண்தான். பொன்னும் மணியும் கிடைத்தால் பூட்டி வைப்பார்கள், மண்ணைக் கழுவி விடுவார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு அப்படியே இருக்கிறது. உங்களில் யாராவது ஒரு தாழியைத் தேங்காய் நாரால் தொட்டீர்கள் என்று தெரிந்தால் என் வீட்டுப் படி ஏறவேண்டாம்.

பிறகு குழியைப் போய்ப் பார்த்தேன். மேலே சாம்பல் கலந்த கருமண், அது வழுக்கிக்கொண்டு உடைந்த வாய் வழியாகத் தாழிக்குள் இறங்கியிருந்த தடம் பக்கச் சுவரில் தெளிவாகத் தெரிந்தது. மேல்மண்ணையும் தாழிமண்ணையும் ஒரே ஓலைக் கடவத்தில் அள்ளி, ஒரே குவியலாகக் கொட்டி, அரித்திருக்கிறார்கள். அந்தக் குவியலிலிருந்து பொறுக்கியதுதான் தட்டில் இருந்தது. அதாவது, அது எந்தக் காலத்துத் தானியம் என்று அந்த ஆண்டவனாலும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் அதிகாரி சொல்லிவிட்டார்.

குளத்தங்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். பெயர் தங்கம்மை. தெற்குக் குடியிருப்பு.

“டீச்சரே, நீங்க சொன்னாத்தான் ஆச்சுன்னு பேசிக்கிடுதாவ. நெசமா?”

“நான் விதை பாக்க வந்தவ, அவ்வளவுதான்.”

“எங்க வீட்டு அவிய நெஞ்சுச் சீக்கிலே கெடக்காவ. வைத்தியர் கைவிட்டாச்சு. எங்க மக இந்த மேட்டிலேதான் கெடக்கா, ஏழு வயசிலே காய்ச்சல்லே போனவ. மக பக்கத்திலே என்னைக் கொண்டு வச்சிரு, வேற ஒண்ணும் வேண்டாம்னு அவிய சொல்லுதாவ. கடற்கரைக்குத் தூக்கிட்டுப் போனா அங்க ஆரு இருக்கா டீச்சரே அவியளுக்கு?”

படியேறி அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் தொடர்ந்தாள். “பெரிய வீட்டுப் பாட்டாவை, இப்போ மனுக் குடுத்தவிய அப்பாவை, அங்க எரிச்சதை நாங்க எல்லாரும் பாத்தோம். யுத்தம் நடக்கியப்போ. காடாத்து அன்னைக்கு எங்க ஆளுவதான் தண்ணி கோரிக் குடுத்துது. அப்போ நாங்க வேண்டாதவங்க இல்லியே. இப்போ நாலு கருகுன பயறு கெடச்ச உடனே நாங்க வேண்டாதவங்களா ஆயிட்டமா?”

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். அதிகாரி போட்ட முடிச்சு ஒரு மனிதனைச் சாகக்கூட விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாதா என்றால், தெரியும். மேட்டுக்கு வரும் வழியே அந்தக் குடியிருப்பு வழிதான். தினமும் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பார்.

அந்தப் பெரிய மணிகளில் ஒன்றைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பேராசிரியர் லென்ஸில் பார்த்தார். ஒரு நிமிடம் ஆகவில்லை. “மக்காச்சோளம். இதிலே சந்தேகமே இல்லே” என்றார். எனக்குத் தாவரம் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒரு புல்லின் பெயரைத் தப்பாகச் சொன்னால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதையே விசாரணைக்கு எழுதித் தாருங்கள் சார் என்றேன்.

அவர் லென்ஸைத் துடைத்து உறையில் போட்டார். “அவரும் சர்க்கார், நானும் சர்க்கார். உன் வேலை வேற இன்னும் நெரந்தரம் ஆகல்லே. கேட்ட பேரைச் சொல்லிட்டு வந்திரு. தாழி எந்தக் காலம், மேடு ஆருக்குன்னு எல்லாம் நம்ம சப்ஜெக்ட் இல்லே” என்றார்.

சப்ஜெக்ட் இல்லையாம். வகுப்பில் ஒரு புல்லுக்காக அத்தனை வைராக்கியம் காட்டிய மனிதர், மேட்டை ஒட்டிய குடியிருப்பில் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கும்போது அது சப்ஜெக்ட் இல்லை என்றார். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு, பாடம் சொன்னவர் என்பதால். அந்தப் பதிலை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

விசாரணை மேட்டிலேயே நடந்தது. புன்னை மரத்தடியில் நாற்காலி போட்டுத் தாசில்தார் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பெரிய வீட்டுக்காரரும் அவருடைய ஆட்களும். இன்னொரு பக்கம் குடியிருப்புக்காரர்கள், தலைப்பாகை கட்டிய ஆண்கள் முன்னாலும் பெண்கள் பின்னாலும். தங்கம்மை வந்திருந்தாள். அதிகாரி தன் அறிக்கையைப் படித்தார். நவதானியம், மாறாத சடங்கு, ஆதிமுதல் ஒரே குலம் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார். படித்து முடித்துவிட்டு, “இந்தக் குட்டி தாவர சாஸ்திரம் படிச்சது. பேரை எல்லாம் சொல்லும்” என்று என்னைக் காட்டினார்.

அந்த இடத்தில் நான் நின்றதை நீங்கள் நினைத்துப் பாருங்கள். எட்டுப் பெயரைச் சொல்லிவிட்டு ஒன்பதாவதற்கு, கருகிவிட்டதால் நிச்சயமில்லை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை என்று நம் ஆட்கள் சாதிப்பார்கள். நம் தொழிலில் ‘நிச்சயமில்லை’ என்பதைப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கதவாக வைத்திருப்பவர்கள் அநேகம் பேர். நிச்சயமில்லாதபோது அப்படிச் சொல்லுங்கள், தலைவணங்குகிறேன். நிச்சயமாகத் தெரிந்ததை அப்படிச் சொல்பவனைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வேன்.

எட்டையும் சொன்னேன். “ஒம்பதாவது மக்காச்சோளம்” என்றேன்.

அதிகாரி சிரித்தார். “கோதுமை. தீயிலே உப்பிப்போச்சு. சின்னப் பிள்ளை, அனுபவம் போராது.”

தாசில்தார் இருவரையும் பார்த்தார். “கோதுமையா இருந்தா என்ன, சோளமா இருந்தா என்னம்மா?”

மக்காச்சோளம் கடல் தாண்டி வந்தது, அது ஆதித்தாழியில் இருக்க வழியில்லை, மேல்மண்ணையும் தாழிமண்ணையும் கலந்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது ஏறவில்லை என்று முகமே சொல்லிற்று. ஒரு பக்கம் பெரிய அதிகாரி. இன்னொரு பக்கம் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர், அதுவும் பெண். யார் பேச்சை எடுப்பார்? அவர் பேனாவைத் திறந்துவிட்டார். அவர் எழுதிவிட்டால் முடிந்தது. அப்போதுதான் தங்கம்மை குளத்தங்கரையில் சொன்னது நினைவு வந்தது. பதில் என்ன வரும் என்று தெரியாமலே பெரிய வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

“அண்ணாச்சி, உங்க அப்பாவுக்குக் காடாத்து எங்க வச்சு நடந்துது?”

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். “இதே மேட்டிலே, வடக்கு ஓரம். நாந்தான் ஏரு பிடிச்சேன், நாந்தான் வெதச்சேன். ஊரே பாத்துது.”

“யுத்த சமயம் இல்லியா அண்ணாச்சி? ஒம்பது தானியமும் கெடச்சுதா?”

அவர் ‘கிடைத்தது, கோதுமைதான் விதைத்தேன்’ என்று சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். அப்பாவின் காரியத்தைக் குறையில்லாமல் செய்தேன் என்று சொல்லும் ஆசையில் பேசினார்.

“கோதுமைக்கு எங்க போக? கோட்டாறு முழுக்க அலைஞ்சாச்சு. கடைசியிலே ஒரு கடைக்காரன் அதுக்குப் பதிலா மக்காச்சோளம் போட்டுக் கெட்டித் தந்தான். ஒம்பது எண்ணம் தெகையணும்லா.”

 தாசில்தார் பேனாவை மூடினார்.

“உங்க அம்மையை எங்க எரிச்சிய?” என்று கேட்டேன். இதை மெதுவாகத்தான் கேட்டேன்.

“அப்பா கெடந்த அதே எடத்திலே. மறு வருசம்” என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். அவருக்கே புரிந்துவிட்டது. முளைக்காமல் கிடந்த விதை, அம்மையின் சிதையில் கருகியிருக்கிறது. பிறகு மழையில் மண்ணோடு நடுமேட்டுக்குச் சரிந்து, குழி வெட்டியபோது தாழிக்குள் விழுந்து, கடவத்தில் ஏறி, தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டாயிரம் வருடத்துச் சாட்சி என்று தாசில்தார் முன்னால் அவர் கொண்டுவந்து வைத்திருந்தது, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தன் கையால் தன் அப்பாவுக்கு விதைத்தது.

“அப்போ இது நான் வெதச்சதா பிள்ளே?” என்றார். 

“அப்படித்தான் இருக்கணும் அண்ணாச்சி.”

அவர் மேசைப் பக்கம் வந்து இரண்டு கையையும் நீட்டினார். “அதை இங்க தாங்க. எங்க அப்பாவுக்கும் அம்மைக்கும் உள்ளது.”

அதிகாரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சர்க்கார் சொத்து. தர முடியாது” என்றார்.

இவ்வளவு நேரம் யாருக்காகப் பேசினாரோ, யார் வீட்டில் சோறு தின்றாரோ, அந்த மனிதனின் கையை அப்படியே நீட்டியபடி நிற்கவைத்தார். தங்கம்மைக்காக வந்த கோபம் எனக்கு அந்த நிமிடத்தில் பெரிய வீட்டுக்காரருக்காகவும் வந்தது. அதிகாரிக்கு இரண்டு தரப்பும் ஒன்றுதான் என்று அப்போது விளங்கியது. யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் அவருக்கு அது அறிக்கைக்கு ஒரு பக்கம். நான் என்ன சொல்லியும் தட்டு திரும்பி வரவில்லை.

தடை நீங்கியது. வடக்கே எரிப்பவர்கள் எரிக்கலாம், தெற்கே புதைப்பவர்கள் புதைக்கலாம், முன்னால் நடந்தபடியே நடக்கட்டும் என்று தாசில்தார் சொன்னார். பெரிய வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாக மேட்டிலிருந்து இறங்கிப் போனார்.

அதிகாரியின் அறிக்கை பின்னால் அச்சாகி வந்தது. வாங்கிப் படித்தேன். மக்காச்சோளத்தைக் காணோம். கோதுமையையும் காணோம். ‘எட்டுத் தானியம் படைக்கும் ஆதிச் சடங்கு’ என்று எழுதியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், மக்காச்சோளத்தை மறைத்ததை அப்போதுதான் பார்த்தேன். ஒன்று பிடிபட்டது, மற்ற எட்டும் நல்லவையாகிவிட்டன. ஒரே கடவத்தில் வந்த ஒன்பதில் ஒன்று புதிது என்றால் மற்றதும் சந்தேகம்தான் என்று அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. அந்த எட்டுத் தானியச் சடங்கைப் பிறகு எத்தனை பேர் எடுத்து எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? போன வாரம் உங்களில் ஒருவர்கூட என்னிடமே அதை ஆதாரமாகச் சொன்னார். நான் முறுக்குத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனது அதனால்தான்.

அந்த வருடக் கடைசியில் கல்லூரியில் என் வேலையை நீட்டிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு ஊரில், வேறு இடத்தில் பிழைத்துக்கொண்டேன். இப்போது அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

விசாரணை முடிந்த வாரத்திலேயே தங்கம்மையின் வீட்டுக்காரர் இறந்துபோனார். மக பக்கத்தில் இடம் உண்டு என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள், கேட்டுவிட்டுத்தான் போனார். என்னைக் கூப்பிட ஆள் வந்தது. போனேன். மகளைப் புதைத்த இடம் தங்கம்மைக்கு மட்டும் அடிக்கணக்காகத் தெரியும். அவள் காட்டிய இடத்தில், மகளின் இடம் சரிந்துவிடாதபடி இந்தப் பக்கம் நன்றாகத் தள்ளிக் குழி வெட்டினார்கள். இடுப்பளவு போனதும் மண்வெட்டி ‘ணங்’ என்றது.

வெட்டியவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளினேன். தாழி. வாயை ஒரு பெரிய சட்டியால் கவிழ்த்து மூடி, சுற்றிலும் களிமண் பூசியிருந்தது. ஒரு கீறல் இல்லை. மேலே சாம்பல் இல்லை, ஏர் பட்ட தடம் இல்லை, சுத்தமான செம்மண். உள்ளே என்ன இருந்தாலும் அது வைத்தவர் வைத்தபடியே இருக்கும். நெல்லை வைத்தார்களா, அரிசியா, புல்லைப் பரப்பினார்களா, ஒன்றுமே வைக்கவில்லையா. அந்தக் களிமண் பூச்சின்மேல் என் கை இருந்தது. உங்களைவிட எனக்கு ஆசை குறைவு என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் சில நாள் அந்தக் களிமண்ணின் குளிர்ச்சி விரலில் தெரிகிறது.

மேலே தங்கம்மை நின்றாள். அவளுக்குப் பின்னால் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

“டீச்சரே, அது உங்களுக்கு வேணுமா?” என்றாள். “வேணும்னா எடுத்துக்கிடுங்க. எங்களுக்காகப் பேசுனிய. நீங்க கேட்டா நான் இல்லேன்னு சொல்லமாட்டேன். இவிய இன்னும் ஒரு நாளு காத்துக் கெடப்பாவ.”

அவள் முழுமனதோடுதான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கே அதிகாரி வருவார், பந்தல் போடுவார், தேங்காய் நார் வரும், தடை வரும். ஒரு நாள் என்பது ஒரு மாதமாகும். நேற்றுவரை எந்தக் காரியத்துக்காக நான் அந்த மனிதர்மேல் பல்லைக் கடித்தேனோ, அதையே நான் செய்கிறேனா, செய்யவில்லையா என்பதுதான் கேள்வி. என்னிடம் நல்ல லென்ஸ் இருக்கிறது, எனக்கு நல்ல எண்ணம் இருக்கிறது என்பதால் அது வேறு காரியமாகிவிடுமா?

“மண்ணைப் போடுங்க. கொஞ்சம் தள்ளி வெட்டுங்க” என்றேன்.

தாழியை மூடினார்கள். தாழிக்கு ஒரு ஆள் இடம் விட்டு, மகளை ஒட்டி வெட்டி, அவரை வடக்கு முகமாக வைத்து, நாமமண் தூவினார்கள். எல்லாரும் போன பிறகு தங்கம்மை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுவும் ஆரோ ஒருத்தருக்கு உள்ளதுதான். ஆரு கேட்டாலும் சொல்லப்பிடாது டீச்சரே. நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். நான் வாக்குக் கொடுத்தேன். எங்கள் அதிகாரிக்குச் சொல்லவில்லை, பேராசிரியருக்குச் சொல்லவில்லை. பிறகு நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் சொல்லவில்லை.

நீங்கள் நல்ல பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் புது முறைகள் இருக்கின்றன, மண்ணைக் கழுவமாட்டீர்கள், ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக எடுப்பீர்கள். கலெக்டர் அனுமதி வாங்கிவிட்டோம், பஞ்சாயத்தும் சம்மதம், நிலத்துக்குச் சொந்தக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று சொன்னீர்கள்.

இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார். நான் வாக்குக் கொடுத்தது தங்கம்மைக்கு. அவள் விடுவித்தால்தான் நான் வாயைத் திறக்க முடியும். குழி வெட்டியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அவளும் போய்விட்டாள். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அன்று விட்டு வைத்த அந்த ஒரு ஆள் இடத்தில்தான் அவளை வைத்தார்கள். கல் ஒன்றும் நாட்டவில்லை. இந்தப் பக்கம் அவளுடைய வீட்டுக்காரர், அந்தப் பக்கம் தாழி. போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.